அத்தானை அந்தமானுக்குக் கூட்டிப் போனோம்

அத்தானின் கருமாதி முடிந்து கடைசிச் சொந்தமும் பஸ் ஏறிய அன்றைக்குத்தான் மாடியில் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன். டெலஸ்கோப் ஸ்டாண்டை இழுக்கிற சத்தம். அந்த மூன்று கால் இரும்பு ஸ்டாண்டை அத்தான் ஒரு நாளும் தூக்கி வைத்ததில்லை. மாடித் தரையில் பதித்த தட்டோட்டின் மேல் தரதரவென்று இழுத்துக்கொண்டுதான் போவார், கிழக்கு மூலையிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும். கீழே படுத்திருப்பவர்களுக்குப் பல் கூசும். 'தூக்கி வச்சா கை தேஞ்சா போயிரும்' என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். இப்போது அதே சத்தம். ஆனால் ஸ்டாண்டையும் டெலஸ்கோப்பையும் அக்கா மகன் அன்று மதியமே காரில் போட்டுப் பெங்களூருக்குக் கொண்டுபோய்விட்டான். மாடியில் இழுப்பதற்கு ஒன்றுமே கிடையாது.

அத்தான் என்று நான் சொல்வது என் கூடப்பிறந்த அக்காவின் வீட்டுக்காரரை. தாடிக்கொம்பில் வீடு. கரண்ட் ஆபீசில் லயன்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ரிடையர் ஆனவர். கரண்ட் போனால் சந்தோஷப்படுகிற ஒரே கரண்ட் ஆபீஸ்காரர் அவராகத்தான் இருக்க வேண்டும். ஊரே இருட்டில் உட்கார்ந்து அவரைத் திட்டிக்கொண்டிருக்கும், அவர் வேலையை முடித்துவிட்டுக் கம்பத்து உச்சியில் செத்த நேரம் சும்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். நட்சத்திரத்தைப் பார்த்த பிறகுதான் ஃபியூஸைப் போடுவார். ரிடையர் ஆன கையோடு டெலஸ்கோப் வாங்கினார்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோது நான் பாவாடை சட்டைப் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு என்னைப் படிக்க வைத்ததும், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்துக் கொடுத்ததும் அத்தான்தான். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அது வேறு கதை, அதில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. கடையைப் பூட்டியதும் சாப்பாட்டுக்கு அக்கா வீட்டுக்குப் போவேன். தட்டைக் கழுவி வைப்பதற்குள் "ஏ பிள்ள, மேல வா, வியாழன் வந்திருக்கு" என்பார், ஏதோ விருந்தாளி வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி. நானும் சலித்துக்கொண்டே படியேறுவேன். அக்கா வரமாட்டாள். அவளுக்குக் கழுத்து வலிக்கும்.

போன ஆவணியில், கடை லீவென்று நானும் அங்கே இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அக்கா மாடிக்கு டீ கொண்டுபோனபோது அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் மேலே பார்த்தபடி திறந்திருந்தது. இன்னும் நட்சத்திரமே வரவில்லை.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. திண்டுக்கல்லில் காசிக்கும் ஆறுபடை வீட்டுக்கும் பஸ் விடுகிற ஒரு டூர்க்காரர் அந்தமானுக்கும் ஆள் சேர்ப்பதாக நோட்டீஸ் அடித்திருந்தார். ஒரே பயணத்தில் வானம், எரிமலை, கடல். அத்தான் அதை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். "மூணையும் ஒரே தீவுக்கூட்டத்துல வச்சிருக்கான் பாத்தியா. நம்ம திண்டுக்கல் மலையும் ஒரு காலத்துல கொதிச்ச பாறைதான் பிள்ள, ஆறிப் போச்சு. அங்க இன்னும் ஆறல" என்பார். தண்ணீர் என்றால் கிணறும் குடகனாறும்தான் தெரிந்த மனுசன் கடலுக்கு அடியில் மீன் பார்க்கப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எங்கள் மூன்று பேர் பெயரையும் கொடுத்து வைத்திருந்தார்.

அவர் போன பிறகு அக்காவைத் தனியாக விடக்கூடாது என்று நான் அங்கேயே தங்கிவிட்டேன். சத்தம் கேட்ட மறுநாள் காலையில் அக்காவிடம் சொன்னேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்துவிட்டு, "ஆமாடி, எனக்கும் கேக்குது" என்றாள். எனக்கு ஒரு பக்கம் நிம்மதியாக இருந்தது, பைத்தியம் எனக்கு மட்டும் இல்லை என்று. இன்னொரு பக்கம், அப்படியென்றால் சத்தம் நிஜம்தானே என்று பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு விளக்கை அணைத்தால் போதும், சத்தம் வரும். நான் எழுந்து உட்காருவேன். அக்கா டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலே போவாள், வருவாள். "ஒண்ணுமில்ல, படு" என்பாள். எனக்குப் பேய் பிசாசு நம்பிக்கையெல்லாம் கிடையாது. கடையில் எலுமிச்சம்பழம் கூடக் கட்டாதவள் நான். ஆனால் காது கேட்பதை என்ன செய்ய முடியும்? கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன், அவர் தொட்டி வரைக்கும் போய்ச் சேருகிற வரைக்கும்.

அக்கா எரியோட்டுப் பக்கம் இருக்கிற ஒரு கோடாங்கியிடம் போகவேண்டும் என்றாள். கோடாங்கி என்றால் உடுக்கை அடித்துச் செத்தவரைக் கூப்பிட்டுப் பேச வைப்பவர். எனக்கு வந்த கோபத்தில் நாலு வார்த்தை சொன்னேன். சொல்லிவிட்டு நானும்தான் கூடப் போனேன். கோடாங்கி பாலியஸ்டர் சட்டையும் பையில் செல்போனுமாக இருந்தார். அக்கா அவரிடம் தனியாக என்னமோ ரொம்ப நேரம் பேசினாள். பிறகு அவர் உடுக்கையை எடுத்தார். அடித்து அடித்துக் குரல் மாறி, "ஆச அடங்காத உசுரு. வானம் கேக்குது, தீ கேக்குது, கடல் கேக்குது" என்றார். எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட்டால் யார்தான் சொல்லமாட்டார்கள் என்று நான் முணுமுணுத்தேன். அவர் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார். "கூட்டிட்டுப் போய்க் காமிச்சு அங்கனயே விட்டுட்டு வந்துருங்க. இல்லாட்டி துணைக்கு ஒரு ஆளக் கூட்டிட்டுப் போயிரும்."

அதற்குமேல் என்னால் சிரிக்க முடியவில்லை. அக்காவைப் பார்த்தேன். வெறும் நெற்றி, தொளதொளத்த ரவிக்கை. துணைக்கு என்றால் இவளைத்தானே என்று நினைத்தேன். அவரைத்தான் பறிகொடுத்தாயிற்று, இவளையும் கொடுத்துவிட்டு நான் அந்த வீட்டில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவேன்?

"தலைத்தெவசம்கூட முடியல, அதுக்குள்ள டூரா" என்று சொந்தத்தில் பேசினார்கள். பேசட்டும் என்று தை மாதம் அதே டூர்க்காரரோடு கிளம்பினோம். அவர் கடைசியாக உட்கார்ந்திருந்த இடத்துத் தட்டோட்டு இடுக்கில் இருந்து அக்கா ஒரு பிடித் தூசியைச் சுரண்டி மஞ்சள் துணியில் முடிந்து முந்தானையில் கட்டிக்கொண்டாள். கோடாங்கி இன்னொன்றும் சொல்லியிருந்தார். வழியெல்லாம் அத்தானுக்குச் சொல்லிக்கொண்டே போகவேண்டும். படி வந்தால் படி, பாலம் வந்தால் பாலம். சொல்லாமல் விட்டால் வழியிலேயே நின்றுவிடுவாராம்.

அக்கா ஆரம்பித்துவிட்டாள். "படி இருக்கு, பாத்து எறங்குங்க. ஆட்டோ வந்துருச்சு, ஏறுங்க." திண்டுக்கல் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது, "இது நம்ம பெட்டி, இங்கிட்டு வாங்க." காவிரிப் பாலத்தில் ஜன்னலைத் தட்டி, "ஆறு வருது, பயப்படாதீங்க." எதிர் சீட்டுப் பெண் என்னைப் பார்த்தாள். நான் செல்போனைப் பார்த்தேன். கம்பத்தில் ஏறி இறங்கிய மனுசனுக்குப் பாலத்தில் என்ன பயம் என்று அக்காவிடம் சிடுசிடுத்தேன். "கம்பம் வேற, தண்ணி வேறடி" என்றாள்.

சென்னை விமானநிலையத்தில் சோதனை செய்த போலீஸ்காரம்மா முந்தானை முடிச்சைத் தொட்டு என்ன இது என்று கேட்டாள். "வீட்டு மண்ணும்மா" என்றாள் அக்கா. அவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள், முகர்ந்து பார்த்தார்கள், யாரையோ கூப்பிட்டார்கள். ஒருவழியாக விட்டதும் அக்கா முடிச்சைத் திரும்பக் கட்டிக்கொண்டாள். அந்தப் பதற்றத்தில் அத்தானிடம் ஒன்றும் சொல்லாமல் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். நான் பின்னால் பைகளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வந்தவள் நின்றேன். அந்தக் கூட்டத்தில், தள்ளுவண்டிகளுக்கு நடுவில், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அவர் வெள்ளை வேட்டியோடு முழித்துக்கொண்டு நிற்கிற மாதிரி எனக்குப் பட்டது. யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, "அத்தான், இந்தப் பக்கம். என் பின்னாடியே வாங்க" என்றேன்.

விமானத்தில் அக்கா திடுக்கிட்டுச் சொன்னாள், "ஐயையோ, அவர்கிட்ட சொல்லலையேடி." "நான் சொல்லிட்டேன், பேசாம உக்காரு" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கோ புகையிலை வாசனை அடித்தது. அத்தான் போடுகிற புகையிலை. வாசனை அக்கா பக்கம் இருந்து வரவில்லை, என் வலது தோளுக்குப் பின்னால் இருந்து வந்தது. அங்கே ஒரு வடநாட்டுப் பெண்பிள்ளை காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

டூரில் எங்களோடு வந்தவர்களில் பாதிப் பேர் ரிடையர் ஆன வாத்தியார்கள். அங்கே எங்களைக் கூட்டிக்கொண்டு சுற்றிக் காட்டியது போர்ட் பிளேயரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண். ராமநாதபுரத்துப் பக்கமிருந்து பிழைக்கப் போன குடும்பமாம். நல்ல பொறுமைசாலி. எங்கள் கூட்டத்துக்குப் பொறுமை வேண்டும்தான், போன இடமெல்லாம் சாம்பார் எங்கே என்று கேட்டார்கள்.

தீ மலை இருக்கிற தீவைச் சுற்றிவரக் கப்பல் போகும் என்று நோட்டீஸில் இருந்தது. கடல் கொந்தளிப்பாக இருக்கிறது, கப்பல் போகாது என்று சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. அதற்குப் பதிலாகக் காட்டு வழியாக வண்டியில் போய், வண்டியையே ஏற்றிப் போகிற ஜங்கார் படகில் ஏறி, சேற்று எரிமலைக்குக் கூட்டிப்போனார்கள். மூங்கில் வேலிக்கு உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு மேடு. நடுவில் சேறு. களி கிண்டும்போது வருமே, அந்த மாதிரி ஒரு கொப்புளம் மெதுவாக எழும்பி 'பொளக்' என்று உடைந்தது. அவ்வளவுதான். "இதுக்கா இம்புட்டு தூரம்" என்று ஒரு வாத்தியார் சொன்னார். தொட்டால் சூடுகூட இல்லையாம்.

அக்கா வேலி ஓரமாகப் போய் முந்தானை முடிச்சைச் சேற்றுப் பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு, "பாத்துக்கிருங்க" என்றாள். பிறகு சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு வந்து கோடாங்கிக்குப் போன் போட்டாள். "சாமி, தீ இல்லீங்க, சேறுதான் வருது. இது கணக்குல வருமா?" அந்தப் பக்கம் அவர் யோசித்தது எனக்கே கேட்டது. "பூமிக்குள்ள இருந்து தானாத்தான வருது?" "ஆமா சாமி." "அப்பச் சரி." எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே திரும்பினால் சேறு இன்னொரு கொப்புளம் விட்டது. அடியில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. அத்தான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்தபோது நான் அவர் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. இங்கே சேற்றுக்குக்கூட மூச்சு இருக்கிறது. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் கண்ணாடி அடி வைத்த படகில் பவளப்பாறைக்குப் போனோம். அக்கா எனக்கும் அவளுக்கும் நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள். கீழே கிளிமீன்கள் பாறையைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தன. கடல் அட்டைகள் கத்தரிக்காய் கணக்காகக் கிடந்தன. ஒரு கடலாமை எங்களைச் சட்டை பண்ணாமல் கடந்து போனது. அக்கா ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டு வந்தாள். "அந்தா பாருங்க நீலக் கலர். அந்தா ஒண்ணு, குழம்பு வைக்கலாம் போல இருக்கு." படகு பாறையைத் தாண்டி ஆழத்துக்கு வந்ததும் மீன்கள் மறைந்துவிட்டன. கண்ணாடியில் எங்கள் இரண்டு முகமும் தெரிந்தன. நடுவில் அவர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கறுந்தண்ணீர். அக்கா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு அழவேண்டும் போல் இருந்தது, அழுகை வரவில்லை. அவர் செத்ததில் இருந்தே எனக்கு அழுகை வரவில்லை.

கடைசி நாள் வானம். விளக்கு வெளிச்சம் இல்லாத ஒரு கடற்கரையில், இருட்டியதும் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அங்கேதான் அத்தானை விடுவதாக அக்கா சொல்லியிருந்தாள். தாடிக்கொம்பு மாடியில் பார்த்ததெல்லாம் வானமே இல்லை. அவ்வளவு நட்சத்திரம். மேலே இடம் போதாமல் தண்ணீருக்குள்ளும் இறங்கிவிட்ட மாதிரி, அலை உடையும் இடமெல்லாம் நீலமாக மினுங்கியது. அது கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர்கள், அலை மோதினால் ஒளி விடும் என்று சுற்றிக் காட்டுகிற பெண் சொன்னாள். வாத்தியார்கள்கூடப் பேச்சை நிறுத்தினார்கள். எனக்குக் குளிரெடுத்தது. இதைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தீர்களே, பாவி மனுசா என்று மனதுக்குள் திட்டினேன்.

அப்போது எனக்குப் பின்னால் கேட்டது. தரதரவென்று, இரும்புக் கால் இழுபடுகிற சத்தம்.

நான் திரும்பி ஓடினேன். மணலில் செருப்பு கழன்றது. "அத்தான்" என்று கூப்பிட்டேன். வாய்க்குள் இல்லை, வாய்விட்டுக் கத்தினேன். "அத்தான், இங்க இருக்கோம்." ஓடிய வேகத்தில் ஒரு பலகை மேடையில் முட்டிக்கொண்டு நின்றேன். மேடைமேல் எங்களைச் சுற்றிக் காட்டுகிற அந்தப் பெண் டெலஸ்கோப் ஸ்டாண்டைப் பிடித்தபடி மிரண்டு போய் என்னைப் பார்த்தாள். எங்களுக்கு வானம் காட்ட அவள்தான் அதைப் பலகையில் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். "என்னம்மா, என்னாச்சு?" என்றாள். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அக்கா வந்து என் தோளைப் பிடித்தாள். யாருக்கும் ஒன்றும் சொல்லாமல் என்னைத் தண்ணீர் ஓரமாக நடத்திக்கொண்டு போனாள். கூட்டத்தை விட்டுத் தள்ளி வந்ததும் முந்தானையை அவிழ்த்து மஞ்சள் முடிச்சை என் கையில் வைத்தாள்.

"நீ விடு."

"நீதானே பொண்டாட்டி. நான் எதுக்கு?"

"எனக்கு ஒரு நாளும் கேக்கலடி" என்றாள் அக்கா. "மாடியில சத்தம். எனக்கு ஒரு நாளும் கேக்கல. உனக்குத்தான் கேட்டுச்சு. இல்லன்னு சொன்னா நீ என்ன ஆவியோன்னு பயந்துதான் ஆமான்னேன்."

நான் முடிச்சைக் கையில் இறுக்கிப் பிடித்தேன். அலை காலை நனைத்துவிட்டுப் போனது.

"துணைக்கு ஒரு ஆளுன்னு கோடாங்கி சொன்னப்ப நீ என்னப் பாத்த. நான் உன்னப் பாத்தேன். கண்ணாடியில உன் மூஞ்சிய நீ பாத்தியா? தூங்கி எம்புட்டு நாளாச்சு? சோத்துல கைய வச்சுக்கிட்டு மேலயே பாத்துட்டு இருக்க. அவர் போயிட்டாரு, அது எனக்குத் தெரியும், நான் அழுது முடிச்சுட்டேன். நீ அவரப் பிடிச்சு வச்சிருக்க. விடலேன்னா நீயும் போயிருவ. எனக்கு நீ வேணும்டி."

எனக்குக் கோபம்தான் வந்தது, வேறென்ன வரும். பொய் சொல்லி இவ்வளவு தூரம் இழுத்து வந்தாயா, வழியெல்லாம் நடித்தாயா என்று கேட்டேன். "நடிக்கலடி, எனக்கும் அவருக்குக் காமிக்கணும்னு இருந்துச்சு" என்றாள். நான் மேலும் கத்த வாயைத் திறந்தேன். அவள் ஈர மணலில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து, இரண்டு கையையும் என் பக்கமாக விரித்தாள்.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்கு வருகிற பெண்கள் செய்வது அது. செத்தவரின் பெண்டாட்டி, தாய், மகள், கூடப்பிறந்தவள், இவர்களிடம்தான் போவார்கள். எதிரில் உட்கார்ந்து கையை விரித்துக் கழுத்தைக் கட்டி, தலையோடு தலை சாய்த்து அழுவார்கள். துக்கம் கேட்பது என்று பெயர். அத்தான் வீட்டுக்கும் ஊரே வந்து கேட்டது. நான் அப்போது ஐஸ் பெட்டிக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தேன், நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தேன், வந்தவர்களுக்கு டீ ஊற்றினேன். இறப்புச் சான்றிதழ் வந்ததும் கேட்ட ஆபீசுக்கெல்லாம் கொடுக்க என் கடையிலேயே நின்று, அவர் வாங்கிக் கொடுத்த மிஷினிலேயே ஜெராக்ஸ் எடுத்தேன். கொழுந்தியாளிடம் துக்கம் கேட்கிற வழக்கம் எங்கேயும் இல்லை. யாருக்கும் தோன்றவில்லை, எனக்கே தோன்றவில்லை.

"உட்காரு" என்றாள் அக்கா. உட்கார்ந்தேன். என் கழுத்தைக் கட்டித் தலையைச் சாய்த்துக்கொண்டு, வெளியாள் வந்து கேட்கிற அதே ராகத்தில் கேட்டாள்.

"உன் அத்தான் போயிட்டாராமேடி. உன்னப் படிக்க வச்ச மகராசன் போயிட்டாராமே. நீ என்ன செய்வ, இனிமே உன்ன யாரு மாடிக்குக் கூப்புடுவா?"

நான் அழுதேன். அந்த வாத்தியார்கள் எல்லாம் கேட்க, தீவே கேட்க அழுதேன். அக்காவும் அழுதாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. முடிச்சு அவிழ்ந்து தூசி எப்போது என் விரல் இடுக்கு வழியாக இறங்கியது என்றும் தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது கையில் நனைந்த மஞ்சள் துணிதான் இருந்தது. அலை வந்து அதையும் வாங்கிக்கொண்டு நீலமாக மினுங்கிவிட்டுப் போனது. அக்கா என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். அத்தான் செத்ததற்கு என்னிடம் துக்கம் கேட்ட ஒரே ஆள் அவர் பெண்டாட்டிதான்.